பேட்டரி போட்ட பொம்மைகள்

ஓரகத்திகள் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், அண்ணன் தம்பிகள் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதும்தான் நாம் பார்த்த குடும்பங்களின் வழக்கம். இந்தக் குடும்பத்தில் எல்லாம் தலைகீழ். ஓரகத்திகள் இருவரும் தினமும் ஃபோனில் குசுகுசுத்தார்கள். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது.

காரணம் இதுதான். போன வருஷக் கடைசியில் தம்பியின் மகள் சிட்டு, குழந்தைகள் ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில் கிடந்தாள். உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாத குழந்தைகளின் வார்டு அது. அவசரமாக ரத்தம் வேண்டும் என்றார்கள். குழந்தைக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே வகை. தம்பி ஃபோன் போட்டான். "இதோ வர்றேன்" என்ற அண்ணன் வரவே இல்லை. சாயந்திரம் அவராகக் கூப்பிட்டு, "கடையில கூட்டம்டா, வர முடியல" என்றார்.

பொம்மைக் கடை வைத்திருப்பவருக்கு விடுமுறைக் காலத்தில் கூட்டம் இருக்கத்தான் செய்யும். யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த ரத்தத்தில் சிட்டு பிழைத்து எழுந்து, இப்போது மூன்றாம் வகுப்பில் வாயாடிக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பாவின் காதில் மட்டும் அந்தக் 'கடையில கூட்டம்' இன்னும் அடங்கவில்லை.

இந்த வருஷ விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை காலையிலும் அது கேட்டது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நின்ற லிஃப்ட்டை ஓட வைக்கத் தெரிந்தவனுக்கு நின்ற பேச்சை ஓட வைக்கத் தெரியவில்லை. டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மனைவியிடம் கேட்டான்.

"கடையிலேர்ந்து பெட்டி வருதாமே?"

சிட்டுவுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தவள், ஆமாம் என்றாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் குழந்தைகளுக்கு விடுமுறைப் பரிசாகப் பொம்மைகள், அதுவும் நாலாம் மாடி வார்டுக்கே கொடுக்க வேண்டும் என்று மூத்தார் சொல்லி அனுப்பியிருந்தார்.

"அவன் கை பட்ட எதுவும் அந்த வார்டுக்கு வேண்டாம்."

"எத்தனையோ பேர் கொடுக்கறாங்க. அவரும் கொடுக்கறார். கொடுக்கறவங்க யாருன்னு நாங்க பார்க்கறதில்ல."

"நான் பார்ப்பேன்," என்றான் அவன்.

சிட்டு குறுக்கே புகுந்தாள். போன மாதம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது பெரியப்பா தன்னைத் தூக்கவே இல்லையாம். மேசைக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தாராம். முன்பெல்லாம் தோளில் வைத்துக் கடை முழுக்கச் சுற்றுவாரே, தான் இப்போது ரொம்பக் கனமா என்று கேட்டாள். அவன் மனைவியைப் பார்த்தான். பார்த்துக்கொள் உன் மூத்தாரின் லட்சணத்தை என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

அவள் ஜடையை முடித்து ரிப்பனைக் கட்டினாள். மூத்தார் தாமாக முன்வந்து எடுத்து வைத்த முதல் அடி இந்தப் பெட்டிகள். இவை நல்லபடியாக வார்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அதையே சாக்காக வைத்து அண்ணன் தம்பியை ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம் என்று ஓரகத்திகள் இருவரும் திட்டம் போட்டிருந்தார்கள். இந்தச் சமயத்தில் வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

சிட்டு குணமான பிறகு அவளுடைய அம்மா அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விளையாட்டு அறைப் பொறுப்பு. பொம்மை டீச்சர் என்பது குழந்தைகள் வைத்த பெயர். இப்போது டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

விடுமுறைக்கு முந்தைய வாரம் பொம்மை டீச்சருக்குத் தலைக்கு மேல் வேலை. வருகிற பரிசுகளை நாலாம் மாடியின் கோடியில் ஓர் அறையில் கடை மாதிரி அடுக்கி வைப்பாள். விலை இல்லாத கடை. அங்கே குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது. அம்மா அப்பாக்கள் வந்து, தங்கள் பிள்ளைக்குப் பிடித்ததை எடுத்து, அங்கேயே வண்ணத்தாள் சுற்றிக் கொண்டுபோவார்கள். தானம் கொடுத்த புண்ணியவான் யார் என்று பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. அப்பா வாங்கித் தந்தார், அம்மா வாங்கித் தந்தாள், அவ்வளவுதான். ஊசி ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் கொடுக்க முடியாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது பெரிய நாள். போன வருஷம் அவளும் அந்த அறையில் நின்றிருக்கிறாள். எதை எடுப்பது என்று தெரியாமல் அழுதிருக்கிறாள்.

காலையிலேயே மூத்தாரின் பெட்டிகள் வந்து இறங்கின. தள்ளுவண்டியில் ஏற்றி லிஃப்ட்டில் நாலாம் மாடிக்குக் கொண்டுவந்தாள். லிஃப்ட் வாசலைத் தாண்டும்போது வண்டி லேசாகக் குலுங்கியது. அவ்வளவுதான், பெட்டிக்குள்ளிருந்து ஒரு தீயணைப்பு வண்டி ஊளையிட ஆரம்பித்துவிட்டது.

வார்டே எட்டிப் பார்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூன்றாம் கட்டில் பையன் எழுந்து உட்கார்ந்தான். சாப்பிடுவதற்குக்கூட எழ மாட்டேன் என்று இரண்டு நாளாக அடம்பிடித்தவன். அவனுடைய அம்மா வேகமாக வெளியே வந்தாள்.

"டீச்சர், அந்த வண்டியை எனக்கு எடுத்து வைங்க. அவன் கேட்டுக்கிட்டே இருந்தது அதுதான்."

பொம்மை டீச்சர் சிரித்துக்கொண்டே தலையாட்டப் போனாள். சிரிப்பு பாதியில் நின்றது. கடையிலிருந்து புதிதாக வருகிற வண்டியில் பேட்டரி இருக்காதே. பேட்டரி இல்லாத வண்டி எப்படிச் சத்தம் போடும்?

அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு டப்பாவிலும் கம்பெனி ஒட்டிய சீல் கிழிந்திருந்தது. அதன்மேல் கடை டேப் நறுவிசாக ஒட்டப்பட்டிருந்தது. கார், ரயில், பேசுகிற கரடி, பாடுகிற முயல், எல்லாம் அப்படித்தான். எல்லாவற்றிலும் பேட்டரி இருந்தது.

ஓரகத்தியை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டாள். அவள் பெருமையோடு சொன்னாள். பேட்டரி தனியாக வாங்க வேண்டும் என்று டப்பாவில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருக்கும். பரிசைப் பிரித்த பிள்ளை ஆசையாகப் பட்டனை அழுத்தும், ஒன்றும் நடக்காது, ஒரே அழுகை. மறுநாள் அப்பாக்கள் கடைக்கு ஓடி வருவார்கள். வருஷா வருஷம் பார்க்கிற கூத்து. வார்டில் கிடக்கிற அப்பா எந்தக் கடைக்கு ஓடுவார் என்று அவர்தான் கவலைப்பட்டாராம். புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து, பேட்டரி போட்டு, ஓட்டிப் பார்த்து ஒட்டினார்களாம்.

"அதுவும் கையில உறை மாட்டிக்கிட்டு. ஆபரேஷன் பண்ற டாக்டர் தோத்தார் போ," என்று சிரித்தாள் ஓரகத்தி.

பொம்மை டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாம் மாடிக்கு சீல் பிரிக்காத பொம்மை மட்டும்தான் போகலாம். மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமி இந்தக் குழந்தைகளைப் படுத்த படுக்கையாக்கிவிடும். சிட்டு இங்கே இருந்தபோது யாரோ ஆசையாக ஒரு பஞ்சுக் கரடி கொண்டுவந்தார்கள். அடுத்த நாள் காய்ச்சல். கரடியால்தான் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் காய்ச்சல் இறங்குகிற வரை அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பரிசுகளைச் சரிபார்ப்பது அவள் ஒருத்திதான். டேப்பை உரித்துவிட்டு, மேலே தானே வண்ணத்தாளைச் சுற்றிக் கொடுத்துவிட்டால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. குடும்பம் சேர்ந்துவிடும். மூன்றாம் கட்டிலுக்கு வண்டியும் கிடைத்துவிடும். அவள் விரல் டேப்பின் நுனியைப் பிடித்தும்விட்டது. நிமிர்ந்தாள். திறந்த கதவு வழியாகத் தெரிந்த வார்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பையன் இன்னும் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை எடுத்துவிட்டாள். தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

மூத்தாருக்கு ஃபோன் போட்டு, மென்று முழுங்கி, பெட்டிகளை அந்த வார்டுக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்றாள். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "வர்றேன்மா," என்று வைத்துவிட்டார்.

பிள்ளை உயிருக்குப் போராடியபோது வராதவர், பெட்டி திரும்புகிறது என்றதும் வருகிறார். அப்படி நினைக்கக் கூடாது என்று தெரிந்தும் அவள் அப்படித்தான் நினைத்தாள்.

கீழ்த்தளத்தில் சாமான் அறை இருந்தது. பெட்டிகளை அங்கே இறக்கி வைத்துக் காத்திருந்தாள். மூத்தார் தனியாகத்தான் உள்ளே வந்தார். நிறுத்த இடமில்லாததால் ஓரகத்தி வாசலில் வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். மனுஷர் இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரமாகவே நின்றார்.

உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. ஃபோனில் சொன்னதை மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். அவர் விடவில்லை.

"என்னாலதானே?"

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க மாமா. ஆனா டப்பாவைப் பிரிச்சுட்டா..."

"டப்பா கிடக்கட்டும்மா. இந்த ஆஸ்பத்திரியில என் பேர் இருக்கும்ல? கொடுத்தது நான்னு தெரிஞ்சுதானே வேண்டாங்கறாங்க?"

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முழித்தாள்.

"போன வருஷம் என் ரத்தத்தை வேண்டாம்னாங்க," என்றார் அவர். "இப்ப பொம்மையும் வேண்டாமா?"

பிறகு அவரே சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

தம்பி ஃபோன் போட்ட அன்று, கூட்டத்தைக் கூட்டமாகவே விட்டுவிட்டு, கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஓடி வந்திருக்கிறார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டார். எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்வார்கள். சோதனை முடிந்ததும் ஒரு டாக்டர் அவரைத் தனியே கூட்டிப்போனார். கல்லீரலில் ஒரு கிருமி இருக்கிறது, இந்த ரத்தத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது, நாளைக்கே வந்து பாருங்கள், வைத்தியத்துக்கு எழுதித் தருகிறேன் என்றார். நாளை என்ன, அதற்கப்புறம் இந்தப் பக்கமே அவர் வரவில்லை. லிஃப்ட்டில் போனால் தம்பி கண்ணில் படுவோம் என்று அன்றைக்குப் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிப் போயிருக்கிறார்.

"கூட்டம்னு சொன்னா திட்டுவான், அவ்வளவுதானேன்னு நெனச்சேன். உண்மையைச் சொன்னா நாலு பேர் காதுக்குப் போகும். குழந்தைங்க வர்ற கடைம்மா. அப்புறம் எந்தத் தாய் தன் பிள்ளையை என் கடைக்குள்ள விடுவா?"

அதனால்தான் சிட்டுவைத் தூக்கவில்லை. அதனால்தான் கையுறை. ஆபரேஷன் டாக்டர் என்று பெண்டாட்டி கேலி செய்தபோது கூடச் சேர்ந்து சிரித்து வைத்திருக்கிறார்.

ஒரு வருஷமாக இவரைக் கல்நெஞ்சக்காரர் என்று பொம்மை டீச்சரும்தான் மனசுக்குள் வைதிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. மூலையில் இருந்த இன்னொரு குவியலைக் காட்டினாள். அது பெரிய டாக்டர் வீட்டிலிருந்து வந்தது. அதிலும் டப்பாக்கள் பிரிந்திருந்தன, அதையும் கீழே இறக்கியாகிவிட்டது. பிரித்தது யாராக இருந்தாலும் நாலாம் மாடியில் இதுதான் சட்டம், பேரையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்றாள்.

அவர் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, அந்தக் கிருமி தொட்டா ஒட்டாது. ஒரே தட்டுல சாப்பிட்டாக்கூட ஒட்டாது. சிட்டுவை நீங்க தூக்கலாம்."

"நிஜமாவா சொல்ற?"

"எந்த டாக்டரை வேணும்னாலும் கேளுங்க. ஒரு வருஷம், இதைக் கேட்கக்கூட ஒரு ஆள் இல்லாம இருந்திருக்கீங்களே."

அவள் அவருடைய கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். மூத்தாரின் கையைப் பிடிக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள மறுகையை எடுத்தார்.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று ஓரகத்தியைப் பற்றிக் கேட்டாள்.

இல்லை என்று தலையசைத்தார்.

"அக்காவுக்கு உடனே டெஸ்ட் எடுக்கணும் மாமா. புருஷன் பொண்டாட்டிக்குள்ள அப்படி அசட்டையா இருந்துட முடியாது. வரலைன்னா தடுப்பூசி இருக்கு. உங்களையும் டாக்டர் பார்க்கணும். இன்னைக்கே சொல்லுங்க."

"என் வாயால முடியாதும்மா. நீயே சொல்லிடு."

"உங்க பெட்டியை வேண்டாம்னு சொல்ல எனக்கும்தான் வாய் வரல. சொல்லலையா?"

அவர் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு கடைக்காரர் புத்தி தலைகாட்டியது. இதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டார். பஞ்சுப் பொம்மைகளைத் திருப்பி எடுத்துப்போக வேண்டியதுதான், பிளாஸ்டிக் பொம்மைகளை மருந்துத் தண்ணீரில் துடைத்துக் கை கால் முறிந்த குழந்தைகளின் வார்டுக்குக் கொடுக்கலாம் என்றாள். மூன்றாம் கட்டில் கதையையும் சொன்னாள்.

"அதே வண்டி சீல் பிரிக்காம கடையில இருக்கு. சாயந்திரமே கொண்டு வர்றேன்," என்றார். உடனே முகம் சுருங்கியது. "ஆனா பேட்டரி?"

"பிரிக்காத பாக்கெட் ஒண்ணு கூடவே கொடுங்க. அவங்க அம்மாவே போடட்டும் மாமா. பிள்ளைக்குக் கொடுக்கறது அவங்கதானே."

அவர் மெல்லத் தலையாட்டினார். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த கையுறைகளை எடுத்து மேசைமேல் போட்டுவிட்டு, துணியைக் கேட்டு வாங்கித் துடைக்க ஆரம்பித்தார்.

அப்படிப் பாதிப் பெட்டி முடிந்த சமயத்தில்தான் ஓரகத்தி உள்ளே வந்தாள். வேனில் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், வேனைப் பார்த்துக்கொள்ளும்படி வாசல் காவலாளியிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, ஆஸ்பத்திரிக்குப் பொம்மை கொடுக்க வந்தீங்களா, இல்லை வேலைக்குச் சேர வந்தீங்களா என்று புருஷனை வாரினாள். மேசைமேல் கிடந்த கையுறைகள் அவள் கண்ணில் பட்டன. பிறகு புருஷனின் சிவந்த கண்களும் பட்டன.

"என்ன ஆச்சு?"

கடைக்காரர் துணியைக் கீழே வைத்தார். பொம்மை டீச்சரைப் பார்த்தார். அவள் காலையில் ஊளையிட்ட தீயணைப்பு வண்டியை வேண்டுமென்றே தேடி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி உக்காரு," என்றார் மனைவியிடம். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

பொம்மை டீச்சர் வண்டியோடு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தாழ்வாரத்தின் மறுகோடியிலிருந்து அவள் கணவன் வந்துகொண்டிருந்தான். சனிக்கிழமைகளில் வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போக வருவது வழக்கம். வாசலில் கடை வேனைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது நடையிலேயே தெரிந்தது.

"பெட்டியைக் கொடுத்தா போக வேண்டியதுதானே? உள்ள என்ன வேலை அவனுக்கு?"

"இப்ப உள்ள போகாதீங்க," என்றாள். ஏன் என்று கேட்டான். அதை நான் சொல்லக் கூடாது என்றாள். அவன் கதவை நோக்கி ஓரடி வைத்தான். அவள் சட்டென்று எழுந்ததில் கையிலிருந்த வண்டி மறுபடி ஊளையிடத் தொடங்கியது.

"இதை முதல்ல நிறுத்துங்க," என்று அவன் கையில் திணித்தாள்.

மெக்கானிக்கின் கை சும்மா இருக்குமா. பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, வண்டியைத் திருப்பிப் போட்டு மூடியைக் கழற்றினான். பேட்டரி வெளியே வந்தது. சத்தம் நின்றது. மூடியின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்தப் பேட்டரியை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று பெரிய எழுத்தில் பென்சிலால் குறித்திருந்தது.

"சின்ன வயசுல நான் எப்பவும் மாத்திப் போட்டுடுவேன்," என்றான். "எனக்காகத்தான் இப்படிக் குறிச்சு வைப்பான். இன்னும் விடல பாரு."

காலையில் பேசிய குரலாக அது இல்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு திறந்தது.

ஓரகத்தி வாசலில் நின்றாள். அழுதிருந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கொழுந்தனை நேராகப் பார்த்தாள்.

"தம்பி, குழந்தைக்கு ரத்தம் வேணும்னு கூப்பிட்டீங்களே, அன்னைக்கு உங்க அண்ணன் இங்க வந்திருக்காரு. சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கையில் பேட்டரி அப்படியே இருந்தது.

"வந்தானா?"

அவன் எழுந்தான். திறந்த கதவு வழியாக அண்ணனின் முதுகு தெரிந்தது. குனிந்து ஒரு ரயில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டு, ஏன் வரலைன்னு சொன்னான்?"

ஓரகத்தி ஒதுங்கி வழிவிட்டாள்.

"உள்ள போய் நீங்களே கேளுங்க," என்றாள்.